வலியைக் குறித்து வேலூர் கற்ற இரண்டாம் பாடம்

வேலூர் மருத்துவ ஊழியத்தின் வரலாற்றை நம் சபைகளில் எடுத்துரைக்கும்போது, ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டதும், அது கண்ட இளம் ஐடா ஸ்கடர் மருத்துவம் கற்கத் தீர்மானித்ததும், 1900இல் ஒரே படுக்கையுடன் பணி தொடங்கியதும் தவறாது இடம்பெறும். இவை யாவரும் அறிந்தவை. ஆயினும் நம் பிரசங்கங்களில் இவ்வரலாறு குணமடைந்தோரின் வரலாறாகவே ஒலிக்கிறது. குணமடையாதோருக்கு அதில் இடம் எது என நாம் வினவியதில்லை.

1946இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் தேய்ந்தழிவதன் காரணத்தை ஆராய்ந்தார். நோயே சதையைத் தின்பதன்று. உணர்விழந்த கை நெருப்பையும் காயத்தையும் அறியாமற்போவதே காரணம் எனக் கண்டார். உறங்குவோரின் விரலை இரவில் எலி கடித்தாலும் அவர்கள் விழிப்பதில்லை. ஆகவே வலி உடலின் காவலாளி என்பது வேலூரும் கரிகிரியும் உலகுக்குக் கற்பித்த முதற்பாடம். பிற்காலத்தில், 1993இல், பிலிப் யான்சியுடன் அவர் எழுதிய நூலின் தலைப்பே வலியை எவரும் விரும்பாத கொடை என்று அழைத்தது.

இப்பாடத்தைப் போதகராகிய நாம் பிழையாகப் பயன்படுத்தினோம். பல ஆண்டுகளுக்கு முன் ஆம்பூரில், தோல் பதனிடும் ஆலையில் உழைத்து, வாயில் புற்றுநோய் கண்டு படுத்திருந்த சகோதரர் ஒருவரைச் சந்திக்கச் சென்றோம். வலியும் தேவனுடைய கொடையே என்று சற்று நேரம் பேசி, சுகத்திற்காக ஜெபித்து எழுந்தோம். அவர் மனைவி தெருவரை பின்தொடர்ந்து வந்து, "ஐயா, ராத்திரி முழுக்க உக்காந்துகிட்டே இருக்காரு. கொஞ்சம் தூங்க வைக்க ஏதாச்சும் வழி இருந்தா சொல்லுங்கய்யா" என்றார். நம்மிடம் மறுமொழி இல்லை. யோபுவின் நண்பரும் ஏழு நாள் வாய் திறவாது தரையில் அமர்ந்திருந்த வரையில் நன்றே செய்தனர்.

காவலாளி கூவுவது வீட்டாரை எழுப்புவதற்காக. வீட்டார் எழுந்து, செய்யக்கூடியதனைத்தும் செய்து முடித்த பின்னும் அவன் விடிய விடியக் கூவினால் அது காவலன்று, வாதையே. முற்றிய புற்றுநோயின் வலி இத்தகையது. இதைத் தெளிவாய் உணர்ந்தவர்களுள் முதன்மையானவர் 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். உடல், மனம், குடும்பம், ஆன்மா ஆகிய நான்கின் நோவும் ஒன்றாய்ப் பின்னியிருப்பதை அவர் முழுவலி என்றார். இந்தியாவில் 1986இல் பம்பாயில் சாந்தி அவேதனா இல்லமும், 1993இல் கோழிக்கோட்டில் வலி தணிப்பு மருத்துவமனையும் தோன்றின.

விந்தை யாதெனில், மார்பினுக்கு மூலமான அபினை அரசு உரிமத்துடன் விளைவிக்கும் நம் நாட்டிலேயே நோயாளருக்கு அம்மருந்து அரிதாயிற்று. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அதற்குப் பல உரிமங்களை வேண்டியதால் மருத்துவமனைகள் அதனைக் கைவிடலாயின. 2014இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. மருத்துவரிடையேயும் மக்களிடையேயும் நிலவும் அச்சமோ இன்னும் திருந்தவில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், கதிரியக்கச் சிகிச்சை மருத்துவரான ரீனா ஜார்ஜ் அம்மையார் தலைமையில் வளர்ந்த நோய்த்தணிப்புப் பிரிவு இரண்டாம் பாடத்தின் பள்ளியாயிற்று. இங்கு மருத்துவக் குழுவினர் நோயாளரின் வீட்டிற்கே செல்கின்றனர். வலி வந்தபின் மருந்து தேடாமல், கடிகாரம் பார்த்து, குறித்த நேரத்தில் வாய்வழியாய் மார்பின் தருவதே இம்மருத்துவ முறை. அழுகிய புண்ணின் மேல் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் நாற்றம் தணியும். இவ்வெளிய செயலை வீட்டாரே கற்றுக்கொள்வர். நாற்றம் தணிந்தால் பேரப்பிள்ளைகள் மீண்டும் அருகில் வருவர், உறவினர் உட்காருவர்.

இறையியல் மாணவரை நோயாளர் சந்திப்புக்கு அழைத்துச் செல்கையில், வேதத்தைத் திறக்குமுன் இரவில் உறக்கம் உண்டா, மருந்து தருபவர் யார், அவர் உண்டாரா என்று கேட்கச் சொல்கிறோம். நாற்காலியை எங்கே இடுகிறார்கள் என்பதையும் கவனிக்கிறோம். அன்று ஆம்பூரில் நாம் வாசற்படியருகே அமர்ந்தோம்; நாற்றத்தைத் தாங்க இயலாமையே காரணம். சகோதரர் அதை அறிந்திருந்தார்.