லேப் சுவரில் தொங்கிய அந்தப் படம்

நம் கல்லூரி எலெக்ட்ரிகல் மெஷின்ஸ் லேபில் படித்த எவருக்கும் அந்தப் படம் நினைவிருக்கும். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கச் சுவரில், மரச்சட்டத்துக்குள் மஞ்சளேறிப்போய்த் தொங்கும். 'மின் அதிர்ச்சி அடைந்தவருக்கு முதலுதவி' என்று தலைப்பு. அதன் கீழே குப்புறப் படுத்திருக்கும் ஒருவர். அவர் முதுகில் இரு கைகளையும் ஊன்றி மண்டியிட்டிருக்கும் இன்னொருவர். அந்தப் படத்துக்குக் கீழேதான் ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கி வைப்போம். ஒருநாளும் நான் அதைப் படித்ததில்லை. வைவாவில் கேட்க மாட்டார்கள் என்று தெரியுமே!

இத்தகைய படங்கள் சுவர் ஏறியதற்குக் காரணம் சட்டம். மின் நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் இந்த அறிவிப்பை வட்டார மொழியிலும் எழுதி, கண்ணில் படும்படி மாட்ட வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் கூறின.

2013-இல், என் முதல் வேலையில், அதே படத்தை நானே ஒரு சுவரில் மாட்டினேன். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று பேனல் ரூமுக்குப் பெயின்ட் அடித்து, ரப்பர் மேட் விரித்து, டேஞ்சர் போர்டோடு சேர்த்து இதையும் ஆணியடித்தோம். ஐந்து மாதம் கழித்து அதே ரூமில் எங்கள் வயர்மேன் அண்ணனுக்கு ஷாக் அடித்தது. உடனே மெயினை ஆஃப் செய்தோம். அதுவரை சரிதான். பிறகு என்ன செய்வது? டிப்ளமோ நான்கு பேர், பி.இ. மூன்று பேர் சுற்றி நின்றோம். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். நான் "அண்ணே, அண்ணே" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். வண்டி பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம் ஆனது. டியூட்டி டாக்டர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "யாராச்சும் நெஞ்சை அமுக்கினீங்களா?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணன் எழுந்திருக்கவில்லை.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போனபோது கிடைத்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். மருத்துவர்களின் வரலாறு என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். அதில் பாதி நம் துறையின் வரலாறாக இருந்தது.

முதலில் அந்தப் படம். குப்புறப் படுக்கவைத்து முதுகை அமுக்கும் முறையை 1903-இல் வெளியிட்டவர் எடின்பரோவின் உடலியல் பேராசிரியர் எட்வர்ட் ஷேஃபர். 1932-இல் ஹோல்கர் நீல்சன் என்ற டென்மார்க் ராணுவ அதிகாரி, முதுகை அமுக்குவதோடு கைகளைத் தூக்குவதையும் சேர்த்தார். இரண்டுமே மூச்சுக்கான வழிகள். இதயம் நின்றுவிட்டால் அறுவை மருத்துவர் மார்பைத் திறந்து இதயத்தைக் கையால் பிசைய வேண்டும்; வேறு வழி இல்லை.

ஆனால் மின்சாரம் தாக்குவது இதயத்தை அல்லவா? நம் சப்ளை மார்பு வழியே பாயும்போது இதயத் தசைகள் ஒத்திசைவை இழந்து, ஒவ்வொன்றும் தன்போக்கில் துடிக்கின்றன. ஒரே கிரிட்டில் ஓடும் ஜெனரேட்டர்கள் சிங்க்ரனிசம் இழந்த மாதிரி. பம்ப் அதிர்கிறது, ரத்தம் போவதில்லை. 1899-இலேயே ஜெனீவாவில் பிரெவோ, பத்தெல்லி என்ற இருவர் நாய்களில் இதைக் கண்டார்கள். சிறிய மின்னோட்டம் இந்தக் குழப்பத்தை உண்டாக்கும், பெரிய அதிர்ச்சி அதையே நிறுத்தும் என்றும் கண்டார்கள். பல ஆண்டுகள் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

1920-களில் அமெரிக்காவில் மின்கம்பிகள் பெருகின. லைன்மேன்களின் சாவும் பெருகியது. கவலைப்பட்ட மின் நிறுவனங்கள் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தன. பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அந்த வேலையில் இறங்கியவர்களில் ஒருவர் வில்லியம் கூவன்ஹோவன். அவர் டாக்டர் அல்ல. எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் பேராசிரியர். 1954-இல் பொறியியல் டீனாக இருந்து ஓய்வு பெற்றபின் வீட்டில் உட்காராமல், அறுவைச் சிகிச்சைத் துறையின் ஆய்வகத்துக்கு வேலைக்குப் போனார்!

மார்பைத் திறக்காமலே வெளியிலிருந்து அதிர்ச்சி கொடுக்கும் கருவியை அங்கே உருவாக்கினார்கள். 1958-இல் அவருடைய மாணவர் கை நிக்கர்பாக்கர், அவரும் எலெக்ட்ரிகல்காரர்தான், ஒன்றைக் கவனித்தார். கனமான மின்தகடுகளை நாயின் மார்பில் அழுத்தி வைத்ததும், கரண்ட் கொடுப்பதற்கு முன்பே, ரத்த அழுத்தம் சற்று ஏறியது. மீட்டரில் வந்த சிறு அசைவு. "ஏதோ எரர்" என்று நாம் ரெக்கார்டில் அடித்துவிட்டுப் போயிருப்போம். அவர் விடவில்லை. அழுத்தினால் ரத்தம் நகர்கிறது என்றால், தொடர்ந்து அழுத்தினால்?

அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட் அவர்களோடு சேர்ந்தார். எங்கே, எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம் என்று மூவரும் சோதித்து, 1960 ஜூலையில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்திருந்தார்கள். இதற்குக் கருவி வேண்டாம், இரண்டு கைகள் போதும் என்பதே அவர்களுடைய செய்தி.

அதே பால்டிமோரில், வியன்னாவில் பிறந்த டாக்டர் பீட்டர் சஃபார், முதுகை அமுக்கும் முறைகளைவிட வாயோடு வாய் வைத்து ஊதுவது மேல் என்று 1958-இல் நிரூபித்திருந்தார். இரண்டும் இணைந்ததே இன்று நாம் சொல்லும் சி.பி.ஆர். நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால், பழகிப் பார்க்க ஒரு பொம்மையை 1960-இல் செய்து கொடுத்தார். எண்பது வயதைத் தாண்டிய கூவன்ஹோவனுக்கு 1969-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கௌரவ எம்.டி. பட்டம் வழங்கியது.

இப்போது மறுபடி என் சுவருக்கு வருகிறேன். 2013-இல் நான் மாட்டிய படத்திலும் ஷேஃபரின் 1903 முறைதான் இருந்தது. நான் அதை வரி விடாமல் படித்திருந்தாலும் அண்ணனைக் குப்புறப் போட்டு முதுகைத்தான் அமுக்கியிருப்பேன். இன்ஜினியர்கள் கண்டுபிடித்து 53 ஆண்டுகள் ஆன பின்னும் ஏழு எலெக்ட்ரிகல்காரர்களுக்கு அது தெரியவில்லை. நெஞ்சை அமுக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு இருந்த ஒரே வாய்ப்பு அதுதான். அதை நாங்கள் கொடுக்கவில்லை.

ஷாக் அடித்தவருக்கு மட்டும் அல்ல இது. ஷட்டில் ஆடும்போதும், கல்யாண வீட்டிலும் திடீரென்று சரிந்து விழுபவர்களின் இதயமும் பெரும்பாலும் இதே குழப்பத்தில்தான் நிற்கிறது. மாரடைப்பு வேறு: அது குழாயில் அடைப்பு, ஆள் பேசுவார், வலிக்கிறது என்பார். இதயம் நின்றவர் பேச மாட்டார். ஓரிரு முறை மீன் மாதிரி வாயைத் திறந்து இழுக்கலாம். அதை மூச்சு என்று நம்பி ஏமாறாதீர்கள். நான்கைந்து நிமிடத்தில் மூளை கெட ஆரம்பிக்கிறது. ஒன்றும் செய்யாத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மின்சாரம் என்றால் முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள், அதற்குமுன் தொடாதீர்கள். கூப்பிட்டும் அசைவில்லை, சீரான மூச்சில்லை என்றால் ஒருவரை 108-க்கு போன் செய்யச் சொல்லுங்கள். ஆளைக் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, மார்பின் நடுவே ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல் அமுக்குங்கள். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம், 6-க்கு மேல் வேண்டாம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலெழ விடுங்கள். களைத்தால் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள், நிறுத்தாதீர்கள். ஏ.இ.டி. என்னும் தானியங்கி அதிர்ச்சிக் கருவி பக்கத்தில் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அதுவே சொல்லும். பயிற்சி இல்லாதவர் வாயில் ஊத வேண்டியதில்லை. பொதுமக்களுக்காக நம் நாட்டு மயக்கவியல் மருத்துவர்கள் 2017-இல் வகுத்த முறையும் நெஞ்சை அமுக்குவது மட்டுமே.

இதைப் படித்தால் மட்டும் போதாது, கை பழக வேண்டும். எனக்கு அதற்கு ஒரு அரைநாள் ஆனது. பொம்மையின் நெஞ்சு எவ்வளவு கெட்டி, இரண்டு நிமிடத்தில் தோள் எப்படி வலிக்கிறது என்பதெல்லாம் அமுக்கிப் பார்த்தால்தான் புரிகிறது.

ஆகவே சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். அடுத்த சந்திப்பில் குரூப் போட்டோவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் இரண்டு மணி நேரம் இந்தப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். பொம்மைக்கான செலவில் என் பங்கைத் தருகிறேன். லேபில் அந்தப் பழைய படம் இன்னும் தொங்கினால் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுங்கள். இப்போது அங்கே படிக்கும் தம்பி தங்கைகளே, நீங்கள் அதைப் படியுங்கள். வைவாவில் கேட்க மாட்டார்கள்தான். எனக்கு அந்தக் கேள்வி ஆஸ்பத்திரி வாசலில் வந்தது.