பக்கத்து வீட்டுச் சத்தம்

2024 ஜூன் 29, சனிக்கிழமை ராத்திரி. பிரிட்ஜ்டவுனில் டி20 உலகக்கோப்பை இறுதிப்போட்டி. கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன் வேண்டும். டேவிட் மில்லர் களத்தில் நிற்கிறார். என் செல்போனில் ஹர்திக் பாண்டியா இன்னும் பந்து போடவே ஆரம்பிக்கவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் ஒரு "ஐயோ". ஒரு நொடி அமைதி. பிறகு வீடே இடிந்து விழுகிற மாதிரி ஒரு கத்தல்.

அவ்வளவுதான், எனக்குத் தெரிந்துவிட்டது. மில்லர் தூக்கி அடித்ததும், சூர்யகுமார் எல்லைக்கோட்டருகே பிடித்ததும், நிலை தடுமாறிப் பந்தை மேலே தூக்கிப்போட்டுவிட்டு வெளியே போய், திரும்ப உள்ளே வந்து பிடித்ததும் அதற்கப்புறம்தான் என் திரையில் வந்தன. முடிவு தெரிந்த படத்தைப் பார்ப்பதுபோல பார்த்தேன். அதற்கும் முன்னாலேயே தென்காசியிலிருந்து அப்பாவின் போன்.

"ஏல, புடிச்சிட்டான் பாத்தியா!"

"எனக்கு இன்னும் வரலப்பா. இருங்க."

"வரலயா? நீ எந்த ஊர்லல இருக்க?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. அப்பாவிடம் இருப்பது மொட்டைமாடியில் தட்டு வைத்த பழைய டிவி. என்னிடம் இருப்பது 5ஜி போன். இரண்டு பேரும் பார்ப்பது ஒரே ஆட்டம். ஆனால் அவர் இருக்கும் நொடியில் நான் இல்லை. 'நேரலை' என்ற சொல் எப்போது இப்படி ஆளுக்கொன்றாக உடைந்தது?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

1938. ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்தில் ஆஷஸ் தொடர் ஆடுகிறது. அங்கே பகல், ஆஸ்திரேலியாவில் ராத்திரி. அத்தனை தூரத்திலிருந்து வர்ணனையைத் தெளிவாகக் கொண்டுவர அன்றைய சிற்றலை வானொலியை நம்ப முடியாது. ஆனால் கடலடித் தந்தி உண்டு. ஆஸ்திரேலிய வானொலி ஒரு வேலை செய்தது. மைதானத்திலிருந்து ஒவ்வொரு ஓவரைப் பற்றியும் சுருக்கமாகத் தந்தி வரும். சிட்னி ஸ்டுடியோவில் அதைப் பிரித்து வர்ணனையாளர் கையில் கொடுப்பார்கள். அவர் அதைப் பார்த்து, மைதானத்தில் நேரில் உட்கார்ந்திருப்பவர்போல விவரிப்பார். பந்து மட்டையில் படும் சத்தத்துக்குப் பென்சிலால் மரத்துண்டில் ஒரு தட்டு. கூட்டத்தின் கைதட்டலுக்கு இசைத்தட்டு. ஓவல் மைதானத்தில் லென் ஹட்டன் 364 ரன் அடித்த தொடர் அதுதான். ஆஸ்திரேலியர்கள் விடிய விடிய விழித்திருந்து அந்தப் பென்சில் சத்தத்தைக் கேட்டார்கள். தந்தி வரத் தாமதமானால் வர்ணனையாளர் எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டியதுதான்.

இதைப் படிக்கும்போது 'என்ன ஒரு ஏமாற்று வேலை' என்று சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. ஆனால் ஒன்று யோசியுங்கள். அந்த வர்ணனை சில நிமிடம் பழையது, பாதி நடிப்பு. இருந்தும் அதைக் கேட்ட எல்லாரும் ஒரே நொடியில் கேட்டார்கள். பெர்த்தில் ஒருவர் 'அவுட்' என்று கேட்ட அதே கணத்தில் சிட்னியில் இன்னொருவரும் கேட்டார். நடந்ததற்கும் கேட்டதற்கும் நடுவில் இடைவெளி இருந்தது. கேட்டவர்களுக்கு நடுவில் இல்லை.

டிரான்சிஸ்டர் அந்த முதல் இடைவெளியையும் மூடிவிட்டது. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954-ல் அதை வைத்துச் செய்த முதல் கையடக்க வானொலி கடைக்கு வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் நம் டீக்கடை, சலூன், வயல் வரப்பு எல்லா இடத்துக்கும் போய்விட்டது. சென்னையில் டெஸ்ட் நடந்தால் வானொலியில் தமிழ் வர்ணனையும் இருந்தது. அப்துல் ஜப்பார், கூத்தபிரான் போன்றவர்களின் குரலில் கிரிக்கெட் தமிழ் பேசியது.

1986 செப்டம்பர் 22. சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டின் கடைசி நாள். இந்தியாவுக்கு இலக்கு 348. அப்பா அன்று வேலைக்குப் போகாமல் டீக்கடை வாசலில் நின்றாராம். கடைசி ஓவரை கிரெக் மேத்யூஸ் வீசுகிறார், தேவை 4 ரன், கையில் ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி முதலில் இரண்டு, அப்புறம் ஒன்று எடுக்கிறார். ஸ்கோர் சமம். இன்னும் மூன்று பந்து மிச்சம். மனிந்தர் சிங் ஒன்றைத் தடுக்கிறார். ஐந்தாவது பந்து காலில் படுகிறது. நடுவர் விக்ரம்ராஜு விரலைத் தூக்குகிறார். 347 ஆல் அவுட். டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் ஒரே ஒரு முறை, 1960-ல் பிரிஸ்பேனில்தான் ஆட்டம் இப்படி 'டை' ஆகியிருந்தது.

"யாருக்கும் ஒண்ணும் புரியல. ஜெயிச்சமா தோத்தமான்னு கடைக்காரர் கேக்காரு. ரெண்டும் இல்லைன்னா நம்ப மாட்டேங்காரு" என்பார் அப்பா. முப்பது பேர் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்து நின்றதுதான் அவருக்கு ஞாபகம். ஆட்டத்தைவிட அது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. சேப்பாக்கம் கேலரியில், ஆடுகளத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் ஒருவரின் காதுக்கு மட்டைச் சத்தம் போய்ச்சேர சுமார் 0.3 விநாடி ஆகும். ஏனென்றால் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். வானொலி அலையோ விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து 600 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரை விநாடியில் 500-ல் ஒரு பங்கு நேரத்தில் தொட்டுவிடும். அதாவது ஆடுகளத்துக்குப் பக்கத்தில் ஒரு மைக் இருந்தால், காசு கொடுத்து கேலரியில் உட்கார்ந்தவருக்கு முன்னாலேயே தென்காசி டீக்கடையில் ஓசியில் நின்றவருக்கு அந்த 'டொக்' கேட்டிருக்கும்! தொழில்நுட்பம் ஏழைக்குக் கொடுத்த சலுகைகளில் இது ஒன்று என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் ரொம்பவும் உருகக்கூடாது. அந்த டீக்கடை வாசலில் நின்ற முப்பது பேரும் ஆண்கள். அம்மாவும் கிரிக்கெட் பைத்தியம்தான். "நான் எங்க போய் நிக்கது?" என்று ஒருமுறை கேட்டார். வீட்டுக்கு டிவி வந்த பிறகுதான் அவர் ஒரு முழு ஆட்டம் பார்த்தார். 'எல்லாரும் ஒன்றாகக் கேட்டோம்' என்று சொல்லும்போது அந்த 'எல்லாரும்' யார் என்று ஒரு தரம் எண்ணிப் பார்ப்பது நல்லது.

வானொலி எட்டாத இடத்தில் இருந்தவர்களும் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டிருந்த நம் மாணவர்களுக்கு அங்கே கிரிக்கெட் என்ற ஒன்றே கிடையாது. ஆட்டத்தைப் பார்க்கவோ கேட்கவோ முடிந்த ஒருவர் இணைய அரட்டை அறையில் பந்துக்குப் பந்து தட்டச்சு செய்வார். மற்றவர்கள் வேறு வேறு ஊர்களில் உட்கார்ந்து அந்த எழுத்துகளைப் படிப்பார்கள். இந்தப் பழக்கத்திலிருந்துதான் 1993-ல் கிரிக்இன்ஃபோ பிறந்தது. சைமன் கிங் தொடங்கிய அதை ஆரம்ப ஆண்டுகளில் கட்டி எழுப்பியவர்களில் ஒருவர், பின்னாளில் கிழக்கு பதிப்பகத்தைத் தொடங்கிய பத்ரி சேஷாத்ரி. சிட்னி ஸ்டுடியோவின் தந்தித்தாள்தான் திரும்ப வந்திருந்தது, பென்சில் சத்தம் மட்டும் இல்லை. படிப்பவர் அந்தச் சத்தத்தைத் தன் மண்டைக்குள் போட்டுக்கொண்டார்.

அதே 1993-ல் இங்கே வேறொரு சண்டை. ஹீரோ கோப்பை ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையை வங்காள கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. அரசும் தூர்தர்ஷனும் எதிர்த்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: அலைவரிசைகள் பொதுச்சொத்து, அரசின் தனி உடைமை அல்ல. நம் நாட்டில் தனியார் ஒளிபரப்புக்குக் கதவைத் திறந்த தீர்ப்புகளில் முக்கியமானது இது. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம்தான். காற்று யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது ஒரு கிரிக்கெட் போட்டியால்.

சரி, காற்று பொதுச்சொத்து. ஆனால் இன்று நாம் பார்ப்பது காற்றில் மொத்தமாக வருவதில்லை. என் பிரச்சினை ஆரம்பிப்பது இங்கேதான்.

டிவி ஒளிபரப்பு மழை மாதிரி. பெய்தால் எல்லார் வீட்டுக் கூரையிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பெய்யும். செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. போய்த் திரும்ப கால் விநாடி, படத்தைச் சுருக்கி விரிக்க இன்னும் சில விநாடி. அவ்வளவுதான். இணையமோ லாரித் தண்ணீர் மாதிரி. ஆட்டத்தைச் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டையும் வேறு வேறு தரத்தில் சுருக்கி, ஊர் ஊராக இருக்கும் சர்வர்களில் வைப்பார்கள். உங்கள் போன் தனியாகப் போய் 'அடுத்த துண்டு கொடு' என்று கேட்டு வாங்கும். வாங்கியதை உடனே காட்டாது. நடுவில் நெட் மக்கர் பண்ணினால் படம் நின்றுவிடுமே என்று இரண்டு மூன்று துண்டுகளைத் தொட்டியில் நிரப்பிவைத்துக்கொண்டு, அப்புறம்தான் குழாயைத் திறக்கும். இப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் அரை நிமிடம்வரைகூடப் பின்தங்குகிறோம். ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு அளவு.

2023 நவம்பர் 19, அகமதாபாத் உலகக்கோப்பை இறுதிப்போட்டி. இணையத்தில் 'ஒரே நேரத்தில்' 5.9 கோடி பேர் பார்த்தார்கள் என்பது அன்று சாதனையாக இருந்தது. ஒரே நேரத்திலா? டிராவிஸ் ஹெட் அடித்த ஒவ்வொரு பவுண்டரியும் அந்தக் கோடிக்கணக்கான திரைகளில் முன்னும் பின்னுமாகத்தான் விழுந்திருக்கும். நாடு முழுக்க ஒரே ஒரு பெருமூச்சு எழவில்லை. ஆளுக்கொரு நொடியில் தனித்தனியாக விட்டோம்.

தாமதம் இருக்கும் இடத்தில் காசு இருக்கும், இது பழைய விதி. 1850-ல் ஆஹனுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் நடுவே தந்திக்கம்பி இல்லாத தூரத்தில் ஜூலியஸ் ராய்ட்டர் புறாக்களின் காலில் பங்குச்சந்தை விலையைக் கட்டி அனுப்பினார். முதலில் தெரிந்தவனுக்கு லாபம். இன்று மைதானத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பந்தின் முடிவையும் உடனுக்குடன் போனில் வெளியே அனுப்புகிறார்கள். ஒளிபரப்பு வந்து சேர்வதற்குள் அங்கே பந்தயம் கட்டிவிடுவார்கள். 2014 ஜனவரியில் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸின்போது இப்படி ஒருவரைக் கைது செய்தார்கள். பின்பு வழக்கு கைவிடப்பட்டது. நாம் நகம் கடித்துக்கொண்டு பார்க்கும் பந்து, வேறொருவருக்கு ஏற்கனவே முடிந்துபோன கணக்கு.

எனக்கு அந்தக் காசைப் பற்றிக் கவலையில்லை. என் நஷ்டம் வேறு. அப்பாவும் நானும் பேசிக்கொள்வதே கிரிக்கெட்டால்தான். வேலை, கல்யாணம், உடம்பு என்று எதைத் தொட்டாலும் இரண்டு நிமிடத்தில் சண்டை வரும். "ரோஹித் இன்னைக்கு எப்படி ஆடுனான்" என்றால் அரை மணி நேரம் போகும். அந்த ஜூன் ராத்திரிக்குப் பிறகு அப்பா ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். விக்கெட் விழுந்தால் போன் பண்ணுவதில்லை. எனக்கு வந்து சேரட்டும் என்று காத்திருப்பார். மெதுவாகக் கூப்பிட்டு, "பாத்துட்டியா?" என்பார். அந்தக் குரலில் கத்தல் இருக்காது. எனக்காக அடக்கி, ஆறிப்போன சந்தோஷமாக இருக்கும். எழுபது வயது மனுஷன் தன் வீட்டு ஹாலில் கத்தாமல் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு என்னவோ போலாகிவிடும்.

2025 மார்ச் 9, துபாயில் சாம்பியன்ஸ் கோப்பை இறுதிப்போட்டி. நியூசிலாந்துக்கு எதிராக இலக்கு 252. கடைசி சில ஓவர்கள் இருக்கும்போது நான் செயலியை மூடினேன். அப்பாவுக்கு போன் போட்டேன்.

"அப்பா, நீங்க பாத்துச் சொல்லுங்க. நான் கேக்கேன்."

"ஏன், ஒனக்கு நெட்டு இல்லயா?"

"இருக்கு. நீங்க சொல்லுங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். பாதி பந்துகளை விட்டுவிட்டார். யார் வீசுகிறார் என்பதைத் தப்பாகச் சொன்னார். நடுவில் அம்மா "அது அவன் இல்ல" என்று திருத்தினார். பின்னால் டிவி இரைச்சல், ஃபேன் சத்தம், யாரோ பாத்திரம் வைக்கும் சத்தம். 49-வது ஓவர். "ஜடேஜா... ஏல, அடிச்சிட்டான்! போயிருச்சு! போயிருச்சுல!"

நான் கத்தினேன். என் அடுக்ககம் முழுக்க அப்போது அமைதியாக இருந்தது. சில நொடி கழித்து பக்கத்து வீட்டிலிருந்து சத்தம் வந்தது.