பேழையும் கல்லும்

காலவெள்ளத்தில் மறைந்த அரும்பொருள்கள் பல. அவற்றுள் இசுரவேல் மக்களின் உடன்படிக்கைப் பேழையைப்போல் மாந்தர் சிந்தையை நெடுங்காலம் ஆட்கொண்டவை மிகச் சிலவே. எகிப்தின் அடிமைத்தளையினின்று மீண்ட அம்மக்கள், சீனாய் மலையடிவாரத்தில் வேல மரத்தால் அதனைச் செய்து பொன்தகடு வேய்ந்தனர் என விவிலியம் கூறும். நீளம் இரண்டரை முழம். அகலமும் உயரமும் ஒன்றரை முழம். பத்துக் கட்டளைகள் பொறித்த இரு கற்பலகைகள் அதனுள் வைக்கப்பெற்றன. பாலைவனத்தில் தோளில் சுமந்து செல்லப்பட்ட அப்பேழை, பின்னர்ச் சாலமோன் மன்னன் எருசலேமில் எழுப்பிய கோயிலின் கருவறையில் இடம்பெற்றது.

கி.மு. 586-ஆம் ஆண்டளவில் பாபிலோனிய மன்னன் நெபுகாத்நேச்சரின் படை அக்கோயிலைத் தீக்கிரையாக்கிற்று. கொள்ளைகொண்ட வெண்கலத் தூண்களையும் பாத்திரங்களையும் விவிலியம் நிரல்படக் கூறுகிறது; பேழையைப் பற்றியோ அப்பட்டியலில் ஒரு சொல்லும் இல்லை. எரேமியா இறைவாக்கினர் அதனை மலைக்குகை ஒன்றில் மறைத்தார் என்பது மக்கபேயர் இரண்டாம் நூல் தரும் செய்தி. எத்தியோப்பியக் கிறித்தவர்களோ, அது தம் நாட்டு அக்சும் நகரில் உள்ளதென நம்புகின்றனர். அங்கும் காவல் துறவி ஒருவரன்றிப் பிறர் அதனைக் காண இயலாது. கி.மு. 63-இல் உரோமானியத் தளபதி பொம்பேயி, மீண்டும் கட்டப்பெற்றிருந்த எருசலேம் கோயிலின் கருவறையுள் புகுந்தபோது அது வெறுமையாகவே இருந்தது. 1909 முதல் 1911 வரை ஆங்கிலேயர் குழுவொன்று அந்நகரில் அகழ்ந்து தேடியும் பேழை கிட்டவில்லை.

பேழை போயிற்று, அதனைப் போற்றிய சமயமும் உடன் போயிற்றா? விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே சென்றடையத்தக்கது வாட்டர்லூ தெரு. கிருஷ்ணன் ஆலயமும் குவான் இம் ஆலயமும் அருகருகே விளங்கும் அத்தெருவில், 1878-இல் திறக்கப்பெற்ற மகைன் அபோத் என்னும் யூதர் தொழுகைக்கூடமும் நிற்கிறது. பாக்தாத்தை வேராகக் கொண்ட யூத வணிகர்கள் எழுப்பியது அது.

யூதர் தொழுகைக்கூடங்களில் எருசலேமை நோக்கிய பக்கத்தில் ஒரு பேழை அமைந்திருக்கும். அதனுள் இருப்பது பொன்னன்று. தோற்சுருளில் கையால் எழுதப்பட்ட 'தோரா' என்னும் மறைநூல். ஓரெழுத்து பிழைப்பினும் திருத்தும்வரை அச்சுருள் ஓதத்தகாததாகிவிடும். வாரந்தோறும் ஒரு பகுதியாக ஓராண்டில் அதனை முழுவதும் ஓதி முடித்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவர். கற்பலகைகள் மறைந்தன, அவற்றின் கட்டளைகளோ நாவிலும் செவியிலும் வாழ்கின்றன.

இதற்கு நேர்மாறான வரலாறும் இவ்வூரில் உண்டு. 1819-இல் சிங்கப்பூர் ஆற்றுமுகத்தில் ஏறத்தாழ 3 மீட்டர் உயரமும் 50 வரி எழுத்தும் கொண்ட பாறையொன்று கண்டறியப்பட்டது. 1843-இல் ஆங்கிலேயப் பொறியாளர் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். எஞ்சிய துண்டொன்று தேசிய அரும்பொருளகத்தில் காக்கப்படுகிறது. அறிஞர் பலர் முயன்றும் ஐயத்திற்கிடமின்றி அதனைப் படித்தவர் இலர். யூதர்க்குப் பொருள் தொலைந்தும் சொல் நிலைத்தது. நமக்கோ, கல் எஞ்சியும் சொல் தொலைந்தது!

இவ்விரண்டையும் ஒப்புநோக்கின், காப்பு எனப்படுவது யாதென்பது விளங்கும். நம் ஏடுகளும் செல்லுக்கு இரையாகும் பனையோலைகளே. தலைமுறைதோறும் படித்துப் படியெடுத்தோர் இருந்தமையாலன்றோ, 1887-இல் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை அச்சில் ஏற்ற முடிந்தது?

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. நாணயத்தாளிலும் பொது அறிவிப்புப் பலகையிலும் நம் எழுத்து ஒளிர்கிறது. ஆயினும், இந்தியர் இல்லங்களில் ஆங்கிலமே மிகுதியாகப் பேசப்படுவதை 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டிற்று. இல்லத்தில் ஒலிக்காத மொழியின் எழுத்து, பலகையில் எத்துணை அழகாகப் பொறிக்கப்பட்டிருப்பினும், ஆற்றுமுகக் கல்லின் எழுத்தாகவே ஒருநாள் முடியும். பேழையைத் தேடுவோர் தேடட்டும். நாம் செய்யத்தக்கது, இன்றிரவு நம் பிள்ளையை அருகழைத்து ஒரு பக்கம் உரக்கப் படிக்கச் செய்வதே.