ஜினகாஞ்சியின் விதானம்

உத்திரமேரூர்ச் சபை மண்டபத்தின் சுவர்கள் குடவோலை முறையைக் கல்லெழுத்தில் உரைப்பதை நாடறியும். அம்மாவட்டத்திலேயே, வேகவதிக் கரையில் உள்ள திருப்பருத்திக்குன்றத்தில், உரைக்கும் பணியை ஒரு மண்டபத்தின் விதானம் ஏற்றுள்ளது.

விசயநகரத் தண்டநாயகரும் சமணருமான இருகப்பர், தம் குரு புஷ்பசேன முனிவரின் பணிப்பால், 1387-88இல் திரைலோக்கியநாதர் ஆலயத்தின் முன் சங்கீத மண்டபத்தை எழுப்பினார். பழைய கருவறையை அவர் மாற்றவில்லை. அதன் முன்னே, அடியார் கூடுதற்கு ஓர் இடம் சேர்த்தார். அமர்ந்தவர் தலை நிமிர்ந்தால் ஆதிநாதர், நேமிநாதர், வர்த்தமானர் வரலாறுகள் வண்ணத்தில் வரிசையாக விரியும். எழுத்தறியாதார்க்கு ஓவியம், அறிந்தார்க்கு அதனடியில் விளக்க வரி. உள்ளலங்காரம் என்பது இவ்வாறு பயன் கருதியும் அமையும்.

டி. என். இராமச்சந்திரன் 1934இல் வெளியிட்ட நூலில் இவ்வோவியங்களை விரிவாகப் பதிவு செய்தார். அவற்றுள் பல இன்று மங்கிவிட்டன. நம் ஊர்ச் சினாலயங்களில் திருப்பணி என்றாலே பளிங்குப் பலகையும் எண்ணெய் வண்ணமும் என்றாகிவிட்ட இந்நாளில், பழைய சுவரில் தூரிகை படுமுன் அங்குள்ளதைப் படமெடுத்து வைத்தலேனும் நம்மால் இயலும். மண்டபம் எழக் காரணமான புஷ்பசேனருக்கோ, குரா மரத்தருகே ஒரு பலிபீடமே நினைவாக நிற்கிறது.