வழித்துணை

1890ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் செயின்ட் லூயிஸ் நகரில் பட்டம் பெற்ற தாமஸ் ஆலன், வில்லியம் சாக்ட்லெபன் என்னும் நண்பர் இருவர் மிதிவண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். 1891இல் வழியிலே அராரத் மலையுச்சியையும் ஏறிக் கண்டனர். கோபிப் பாலையைக் கடந்து, 1892இல் பீக்கிங் நகரை எய்தினர்.

அதே 1892இல் பிராங்க் லென்ஸ் என்பார் தனியராய்ப் புறப்பட்டார். சீனம், பர்மா, இந்தியா, பாரசீகம் ஆகிய நாடுகளைக் கடந்த அவர், 1894இல் துருக்கியில் காணாமற் போனார். 1895இல் அவரைத் தேடிச் சென்றவர் அதே சாக்ட்லெபனே. லென்ஸ் கொலையுண்டார் என்று அறிய முடிந்ததேயன்றி, உடல் கிடைக்கவில்லை.

துணிவில் லென்ஸ் எவருக்கும் குறைந்தவரல்லர். ஆயினும், நெடுவழியில் துணைவன் களைப்பை ஆற்றுவதற்கு மட்டும் உரியவனல்லன். நமக்கு நேர்ந்ததை ஊருக்கு உரைக்கும் சாட்சியும் அவனே என்று நான் கருதுகிறேன்.