பனியில் ஒரு பூசலார் கோயில்

திருநின்றவூர் பூசலார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கையில் காசு கிடையாது. மனசுக்குள்ளேயே கல் சேர்த்து, நாள் பார்த்து, சிவனுக்கு ஒரு கோயில் கட்டி முடித்தார். காஞ்சியில் நிஜமாகவே கல்லால் கட்டிக்கொண்டிருந்த பல்லவ ராஜாவின் கனவில் சிவன் வந்து, கும்பாபிஷேகத்தைத் தள்ளி வை, அன்றைக்கு எனக்கு நின்றவூரில் வேலை இருக்கிறது என்றாராம்.

மனசுக்குள் முதலில் எழும்பிய இன்னொரு கட்டடம் ஸ்விட்சர்லாந்தில், காண்டர்ஷ்டெக் என்ற மலைக் கிராமத்தில் இருக்கிறது. நினைத்தவர் நாயன்மார் அல்ல, ராணுவ அதிகாரி. சாரணர் இயக்கத்தை ஆரம்பித்த பேடன் பவல்.

1920-ல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் முதல் உலக ஜம்போரி நடந்தது. உலகப்போர் ஓய்ந்து முழுசாக இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பல தேசத்துப் பையன்கள் ஒரே கூரையின் கீழ். இந்தக் கூட்டம் சில நாளில் கலைந்து போகாமல், வருஷம் பூரா எந்த நாட்டுச் சாரணனும் வந்து தங்க ஓர் இடம் இருந்தால்? பவலின் ஆசை இதுதான். ஆசை ரெடி. வீடு?

வீடு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, வேறு காரியத்துக்காக. 1906-ல் லோட்ஷ்பெர்க் மலையைக் குடைந்து ரயில் சுரங்கப்பாதை போட ஆரம்பித்தார்கள். பதினாலரை கிலோமீட்டர் நீளம். குடைந்தவர்களில் பெரும்பாலானவர்கள் பிழைப்பு தேடி வந்த இத்தாலியர்கள். 1908 ஜூலையில், பாறை என்று நம்பி வெடி வைத்த இடத்துக்கு மேலே இருந்தது ஆற்றுப் படுகையின் மணலும் சரளையும். மொத்தமும் தண்ணீரோடு உள்ளே சரிந்தது. 25 பேர் செத்தார்கள். அந்தப் பகுதியைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, பாதையை வளைத்துக்கொண்டு போய் 1913-ல் ரயிலை விட்டார்கள். அதில் போகிறவர்களுக்கு அந்த வளைவின் காரணம் தெரிந்திருக்குமா என்ன?

வேலை முடிந்தது, தொழிலாளர்கள் போனார்கள். அவர்கள் தங்கிய மர வீடு ஆளில்லாமல் கிடந்தது. சுவிஸ் சாரணர் தலைவர்களில் ஒருவரான வால்டர் ஃபான் போன்ஸ்டெட்டன் அதைப் பார்த்தார். 1923-ல் அது உலகச் சாரணர்களின் வீடாகிவிட்டது.

வெயில் காலத்தில் மலையேற்றம், கூடாரம். குளிர்காலத்தில்? பனிச்சறுக்குதான். அந்தப் பனிச்சறுக்குக்குப் பின்னால் நம்ம ஊர் வாசனை அடிக்கிறது, கவனியுங்கள்.

ஹென்றி லன் என்று ஒரு மெதடிஸ்ட் பாதிரியார், டாக்டரும்கூட. கொஞ்ச காலம் சென்னை மாகாணத்தில் ஊழியம் செய்துவிட்டு ஊர் திரும்பியவர், சுற்றுலா ஏஜென்டாக மாறிப்போனார்! குளிர்காலத்தில் காலியாகக் கிடந்த ஆல்ப்ஸ் ஹோட்டல்களை மொத்தமாகப் பிடித்து, பணக்கார ஆங்கிலேயர்களை அழைத்துப்போனார். காண்டர்ஷ்டெக்குக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கான அடல்போடன் அவர் ஆரம்பத்தில் பிடித்த ஊர்களில் ஒன்று. 1905-ல் ஒரு கிளப் தொடங்கினார். உயர்ந்த பள்ளியில் படித்த, பெரிய இடத்து ஆசாமிகளுக்கு மட்டும். மற்றவர்களுக்கு 'இடமில்லை சார்'.

அவர் மகன் ஆர்னால்ட் லன் 1888-ல் பிறந்தது சென்னையில். கொடிக்கம்புகளை ஜோடி ஜோடியாக நட்டு, அவற்றுக்கு நடுவே வளைந்து நெளிந்து இறங்கச் சொல்லி, அழகுக்கு மார்க் போடாமல் கடிகாரத்தைப் பார்த்து ஜெயித்தவரை அறிவிக்கும் 'ஸ்லாலம்' பந்தயத்தை 1922-ல் ம்யூரன் கிராமத்தில் நடத்திக் காட்டியவர் இவர்தான். காண்டர்ஷ்டெக்கிலிருந்து மலை முகடுகளைத் தாண்டினால் ம்யூரன். 1936-ல் ஸ்லாலம் ஒலிம்பிக்ஸுக்கே போய்விட்டது. பனியே பார்க்காத ஊரில் பிறந்த பிள்ளையின் வேலை!

ஆக, ஒரே மலைத்தொடரில் இரண்டு கதவுகள். ஒன்று, எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்துத் திறப்பது. இன்னொன்று, எந்த நாடு என்று கேட்காமல் திறப்பது. சாரணர்கள் உசத்தி என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள்.

இந்தியாவில் சாரணர் படை 1909-ல் பெங்களூரில் வந்தது. யாருக்கு? ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியப் பையன்களுக்கு. நம் பையன்களுக்கு அனுமதி இல்லை. துப்பறியவும் அணிவகுக்கவும் கற்றுக்கொண்டால் நாளைக்கு நம்மையே எதிர்ப்பான்களே என்று அரசாங்கத்துக்கு உதறல். இத்தனைக்கும் பவல் இளவயதில் இந்தியாவில் வேலை பார்த்தவர். 1916-ல் அன்னி பெசன்ட் சென்னையில் இந்தியப் பையன்களுக்கென்று தனியாகவே ஒரு சாரணர் சங்கம் ஆரம்பித்தார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. 1921-ல் பவல் இந்தியா வந்து பேசிய பிறகுதான் அந்தச் சங்கமும் தாய் அமைப்போடு இணைந்தது. காண்டர்ஷ்டெக் வீடு திறந்தது அதற்கு இரண்டே வருஷம் கழித்து. அடையாறு அம்மையார் முதலில் சண்டை போட்டிருக்காவிட்டால், 'எல்லா நாட்டுப் பையன்களும்' என்ற பட்டியலில் நம் பையன் இருந்திருப்பானா என்பது சந்தேகம்தான்.

பெண்கள் சும்மா இருப்பார்களா? 1932-ல் சாரணியர் இயக்கமும் தனக்கென்று ஓர் உலக இல்லம் கட்டியது. எங்கே? ஹென்றி லன் ஹோட்டல் பிடித்த அதே அடல்போடனில்.

காண்டர்ஷ்டெக் வீட்டுக்கு 2023-ல் நூறு வயது முடிந்தது. விசா, விமான டிக்கெட், கம்பளிக் கோட்டு எல்லாம் கட்டுப்படியாகாது என்கிறீர்களா? சாரணியரின் உலக இல்லங்களில் ஒன்று 1966 முதல் நம் புனேயில் இருக்கிறது. பெயர்கூடப் பழக்கமானதுதான்: சங்கம். என்ன, பனி மட்டும் கிடையாது.