ஐந்தரைச் சதம்

துவக்கு எண்ட சொல்லைக் கேட்டதும் எங்கட ஞாபகம் எங்க போகும் எண்டு எனக்குத் தெரியும். இது வேற நாட்டுக் கதை. அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களும் இலக்குச் சுடுகிறவர்களும் தங்கள் றைபிளின் விசையைக் கழற்றிவிட்டு, வேறொரு கொம்பனி செய்த விசையை வாங்கிப் பூட்டுவது பற்றியது.

ஏன் மாற்றுகிறீர்கள் எண்டு கேட்டால் முதல் பதில் குறி பற்றியதாகத்தான் இருக்கும். தொழிற்சாலை விசை பாரமானது. அதை இழுத்து முடிக்கிறதுக்குள்ள துவக்கு ஒரு மயிரிழை அசைந்தாலே குண்டு தவறிவிடும். இந்த வியாபாரம் தொடங்கினதும் அப்படித்தான். இரண்டாம் உலகப்போர் முடிந்தபிறகு படைகளின் பழைய மவுசர் றைபிள்கள் மலிவாகக் கிடைத்தன. அவற்றின் விசை இரண்டு கட்டமாக இழுபடும். பதுங்குகுழிக்குள் நடுங்கும் கைக்கு அது நல்லது, வேட்டைக்காரனுக்கு எரிச்சல். 1946 இல் அலன் டிம்னி அதற்கு மாற்று விசை செய்யத் தொடங்கினார். டிம்னி கொம்பனி இன்றைக்கும் இருக்கிறது.

ஆனால் மாற்று விசையின் வரலாற்றை வெறும் ருசியின் வரலாறாகச் சொன்னால் பாதி விடுபட்டுப்போகும். மற்றப் பாதி றெமிங்டன் கொம்பனியில் இருக்கிறது.

றெமிங்டனில் மைக் வோக்கர் எண்ட பொறியியலாளர் இருந்தார். மேசையில் துவக்கை வைத்து ஒரே துளைக்குள் குண்டுகளை இறக்கப் பார்க்கும் போட்டிச் சுடுதலில் பைத்தியமான மனிதர். அவர் வடிவமைத்த விசை 1948 இல் 721, 722 மாதிரிகளிலும், 1962 இல் வந்த புகழ்பெற்ற 700 மாதிரியிலும் பூட்டப்பட்டது. தொழிற்சாலை விசைகளில் அப்படிச் சுத்தமாக விடுபடுவது அபூர்வம். மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

அதன் இரகசியம் இணைப்புத் தகடு எண்ட ஒரு சின்ன உலோகத் துண்டு. தோட்டாவைக் குத்தும் ஊசியைப் பின்னுக்குப் பிடித்து வைத்திருக்கும் கொளுக்கிக்கு சியர் எண்டு பெயர். சாதாரண விசையில் விசையே சியரைத் தாங்கும். வோக்கரின் விசையில், விசைக்கு முன்னால் தனியாக நிற்கும் இந்தத் தகடு தாங்கும். தகடு விசையோடு ஒட்டியிருக்காது, சுருள்வில்லின் அழுத்தத்தில்தான் நிற்கும். ஒவ்வொரு வெடிக்கும் இரண்டுக்கும் இடையில் ஒரு இடைவெளி திறந்து மூடும். அந்த இடைவெளிக்குள் மண்ணோ, காய்ந்த எண்ணெயோ, உலோகத் துகளோ போனால் தகடு தன் இடத்துக்குத் திரும்பாது. அப்போது பாதுகாப்புப் பூட்டை விடுவித்தால், கீழே இறங்கும் சியருக்குத் தாங்க ஒன்றும் இல்லை. விசையில் விரலே படாமல் வெடிக்கும்.

சுத்தமான மேசையில் வைத்துச் சுடுகிறவருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. மழையிலயும் சேற்றிலயும் துவக்கைத் தூக்கிக்கொண்டு திரியும் வேட்டைக்காரர்தான் மாட்டுப்படுவார்.

இந்த ஆபத்து வோக்கருக்குத் தெரியாமல் இல்லை. றைபிள் விற்பனைக்கு வர முதலே கொம்பனிக்குள் எழுதிய குறிப்பில் அதைச் சொல்லியிருக்கிறார். 1948 இல் விசையைப் பூட்டிப் பிடிக்கும் ஒரு திருத்தத்தையும் முன்வைத்தார். ஒரு துவக்குக்கு ஐந்தரைச் சதம் செலவாகும் எண்டு கணக்குப் பார்த்தார்கள். திருத்தம் செய்யப்படவில்லை.

1970களின் கடைசியில் ரெக்சாஸ் வழக்கொன்றில் பல மில்லியன் டொலர் நட்டஈடு கொடுத்த பிறகு, 600 மாதிரியைக் கொம்பனி திருப்பி அழைத்தது. 700 ஐ அழைக்கவில்லை. 1979 இன் உள்கூட்டக் குறிப்பில் ஒரு கணக்கு இருக்கிறது: 20 இலட்சம் துவக்குகளில் ஒரு வீதம், அதாவது 20,000 இல் இந்தக் கோளாறு இருக்கலாம். 20,000 ஐப் பிடிக்க 20 இலட்சத்தையும் கூப்பிடுவது பொருந்தாது எண்டு முடிவு செய்தார்கள். எனக்கு இந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டியிருந்தது. கணக்கில் பிழை இல்லை, அதுதான் பயம்.

1982 க்கு முந்திய 700 களில் இன்னொரு சிக்கல். தோட்டாவை வெளியில் எடுக்கவே பாதுகாப்புப் பூட்டை விடுவிக்க வேணும். 2000 ஒக்ரோபரில் மொன்ரானாவில் வேட்டை முடித்து வந்த ஒரு தாய், தோட்டாவை எடுக்கப் பூட்டை விடுவித்தார். துவக்கு வெடித்தது. குதிரை வண்டிலுக்கு அப்பால் நின்ற 9 வயது மகன் செத்துப்போனான். தகப்பன் வருடக்கணக்காகக் கொம்பனியின் பழைய கடதாசிகளைத் தேடித் திரட்டினார். 2002 இல் பழைய துவக்குகளின் அந்தப் பூட்டைத் திருத்தித் தருவதாகக் கொம்பனி அறிவித்தது. அதற்கும் உரிமையாளர் 20 டொலர் கட்ட வேண்டும்.

அரசாங்கம் ஏன் தலையிடவில்லை? 1972 இல் நுகர்வோர் பொருட்களின் பாதுகாப்புக்காகச் சட்டம் கொண்டுவந்தபோது துவக்குகளை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். விளையாட்டுத் துவக்கைத் திருப்பி அழைக்கச் சொல்லி ஆணைக்குழு உத்தரவிடலாம், உண்மையான துவக்குக்கு முடியாது. றெமிங்டனோ கடைசிவரை கோளாறு எண்டு ஒத்துக்கொள்ளவில்லை, பராமரிப்புச் சரியில்லை எண்டுதான் சொன்னது.

இந்த வெற்றிடத்தில்தான் மாற்று விசைக்கு இன்னொரு வேலை வந்தது. டிம்னியின் 700 விசையில் தனி இணைப்புத் தகடு கிடையாது. ஆகவே தெரிவு செய்பவர் இழுவிசை எத்தனை இறாத்தல் எண்டு மட்டும் பார்ப்பதில்லை. சியரை எது தாங்குகிறது, அழுக்குப் போனால் என்ன நடக்கும், அடிப்பகுதியில் தட்டினால் விழுமா எண்டும் பார்க்கிறார். போட்டிக்காரர் சில அவுன்சில் விடுபடும் விசையைத் தேடலாம், குளிரில் தடித்த கையுறையோடு நிற்கும் வேட்டைக்காரருக்கு அதே விசை எமன். ஐந்தரைச் சதத்துக்குச் செய்யாமல் விட்டதை உரிமையாளர் நூறு டொலருக்கு மேல் கொடுத்து வாங்குகிறார்.

றெமிங்டன் 2006 இல் தகடு இல்லாத புதிய விசையைக் கொண்டுவந்தது. 2014 இல் அதையும் திருப்பி அழைத்தது: பொருத்தும்போது பூசிய ஒட்டுப்பொருள் கூடிப்போயிருந்தது. 2017 இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட கூட்டு வழக்குச் சமரசம் ஏறத்தாழ 75 இலட்சம் துவக்குகளுக்கு உரியது. அந்நேரம் வந்த கோரிக்கைகள் 22,000 அளவுதான். சில பழைய மாதிரிகளுக்குப் புதிய விசைகூட இல்லை, பத்துப் பன்னிரண்டு டொலர் வவுச்சர். வோக்கர் 2013 இல் நூறு வயது தாண்டி இறந்துவிட்டார். கொம்பனி 2018 இலும் 2020 இலும் வங்குரோத்தாகி, துண்டு துண்டாக விற்கப்பட்டது. கோரிக்கைக் காலமும் முடிந்துவிட்டது. பழைய 700 ஒன்றைக் கைமாற்றாக வாங்குகிறவர் இப்போது தானே திறந்து பார்த்து, உள்ளே எந்த விசை எண்டு கண்டுபிடிக்க வேணும்.